பேத்தியின் ஜூரியும் என் கால்வாயும்

போன நவம்பரில் பதினோரு நாள் எங்கள் வீட்டு ஹால் எனக்குச் சொந்தமாக இல்லை. பேத்தி வந்திருந்தாள். சென்னையில் எம்.ஆர்க். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கட்டடம் கட்டுகிற படிப்பு இல்லை. கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலம், நீர், மரம் இவற்றைத் திட்டமிடுகிற படிப்பு. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்கிறார்கள். செமஸ்டர் முடிய அவ்வளவு நாள்தான் பாக்கி. ஹாஸ்டலில் தூங்கவும் முடியவில்லை, வேலையும் ஓடவில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு செங்கல்பட்டு வந்துவிட்டாள்.

வேலைப் பட்டியலைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. ஆறு ஏ1 ஷீட், ஒரு தெர்மகோல் மாடல், ஒரு ஆய்வுக் கட்டுரை, இரண்டு ரெக்கார்டு நோட்டு. கடைசியில் ஜூரி. அதாவது வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்ட்டுகள் முன்னால் நின்று, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் பாட்டி எழுந்து தோசை வார்ப்பாள். எனக்குக் கிடைக்காத சலுகை அது.

அவள் எடுத்துக்கொண்ட இடம் எங்கள் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் உள்ள ஒரு சின்ன ஏரி. இது ஏரி மாவட்டம் என்று பேர் வாங்கிய பூமி, ஏரிக்குப் பஞ்சமில்லை. ஊர்ச் சாக்கடை அந்த ஏரியில்தான் கலக்கிறது. கோரையும் கல்வாழையும் நட்ட ஆழமில்லாத பாத்திகள் வழியாக அந்தத் தண்ணீரை மெதுவாக ஓடவிட வேண்டும் என்பது அவள் திட்டம். மண்டி அடியில் தங்கிவிடும், வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்றுவிடும், தெளிந்த நீர் ஏரிக்குப் போகும். சூழலியல் வடிவமைப்பு என்று இதற்குப் பெயர்.

இயான் மெக்ஹார்க் என்பவர் 1969-ல் எழுதிய 'டிசைன் வித் நேச்சர்' என்ற புத்தகத்தைக் காட்டினாள். மண், நீர், சரிவு, மரம் ஒவ்வொன்றையும் தனித்தனி வரைபடமாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எங்கே கட்டலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று முடிவு செய்கிற முறை. டிரேசிங் பேப்பரில் வரைந்து அம்மோனியா பிரிண்ட் எடுத்த எனக்கு அது சட்டென்று புரிந்தது.

நான் நீர்ப்பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். சும்மா இருக்க முடியுமா? ஷீட்டை எட்டிப் பார்த்தேன். கோடைக்கு அதிகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலை இரண்டடி உயர்த்தி, அதன்மேல் நடைபாதையும் போட்டிருந்தாள்.

"ஏம்மா, 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்படி ஒரு மழை வந்தா?" என்றேன்.

"தாத்தா, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. இப்பப் போயி மாத்தச் சொல்றீங்களே!" கண் கலங்கிவிட்டது.

பாட்டிதான் தீர்ப்புச் சொன்னாள். "ஒரு மணி நேரம் போய்ப் பாத்துட்டு வா. அந்த மனுஷன் இது ஒண்ணுலதான் தப்பா சொல்ல மாட்டார்."

ஸ்கூட்டரில் போனோம். முதல் நாள் பெய்த மழையில் ஏரி நிரம்பி, கலங்கலில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேல்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். தண்ணீர் நெல் வயலின் வரப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. "இங்க உன் ரெண்டடியை ஏத்திப் பாரு. முதல்ல இந்த வயல் முழுகும். பெருமழை வந்தா கரையே போயிடும்." அவள் ஒன்றும் பேசவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மதகிலிருந்து போகும் பாசனக் கால்வாய் ஓரமாக வந்தோம். வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இதை யாரு தாத்தா இப்படிப் போட்டது? பக்கமெல்லாம் சிமெண்ட், அடியிலயும் சிமெண்ட். தண்ணி எப்படி மண்ணுல இறங்கும்?"

"மழை வரும்போல இருக்கு, கெளம்பலாம்" என்றேன்.

போட்டது நான்தான். 1988-ல். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஊரே மனுக் கொடுத்தது. வளைவுகளை நேராக்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு காங்கிரீட் போட்டேன். கடைமடைக்காரர்கள் மாலை போட்டார்கள். ஆனால் நாலைந்து வருஷத்தில் கால்வாயோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. போர்வெல்களும் ஒரு காரணம்தான். ஆனாலும் எஸ்டிமேட்டில் 'கசிவு இழப்பு' என்று நான் எழுதிய தண்ணீர்தான் அந்தக் கிணறுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாறுதலாகிப் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு டிரேசிங் பேப்பரை நீட்டி, "அந்தக் கிணறெல்லாம் எங்க இருந்துச்சு, குறிச்சுக் குடுங்க தாத்தா" என்றாள். பதினான்கு ஞாபகம் வந்தது. கிணற்றுக்காரர்கள் பெயரோடு குறித்தேன். அவள் அதைத் தன் வரைபடத்தின் மேல் இன்னொரு அடுக்காகச் சேர்த்தாள். கலங்கலைப் பழைய மட்டத்துக்கு இறக்கினாள். நடைபாதை கரைமேல் ஏறியது. விடியும்போது மூன்று ஷீட் புதிதாக இருந்தது. நானும் தூங்கவில்லை.

ஜூரியில் கிணற்று வரைபடத்தை நின்று பார்த்தார்களாம். ஒருவர் மட்டும், "கோரையை வருஷா வருஷம் யார் அறுப்பது? கூலி யார் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறார். இவளிடம் பதில் இல்லை. மார்க் சுமார்தான். வீட்டுக்கு வந்து பதினாறு மணி நேரம் தூங்கினாள்.

இப்போது அடுத்த செமஸ்டருக்கு அந்தக் கால்வாயையே எடுத்திருக்கிறாள். பக்கச் சுவரை விட்டுவிட்டு, கடைமடைக்கும் குறை வராமல், அடித்தளத்தை இடையிடையே உடைத்து மண்ணைத் திறந்துவிட வேண்டுமாம். உடைக்கிற செலவுக்கு எஸ்டிமேட் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். நேற்றுதான் பழைய ஸ்கேலைத் தேடி எடுத்தேன்.

உங்கள் ஊரிலும் கால்வாயோரம் இப்படி வற்றிய கிணறுகள் இருந்தால், எங்கே இருந்தன, எந்த வருஷம் வற்றின என்று பேரப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். எந்த வரைபடத்திலும் அவை இருக்காது.