சுற்றவிடும் பட்டியல்

கணிப்பொறியில் ஒரு பட்டியலை இரண்டு விதமாக வைக்கலாம். வரிசை வீடுகள் மாதிரி ஒட்டி ஒட்டி வைப்பது ஒன்று. இன்னொன்றில் வீடுகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேதியும், அடுத்து எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்ற துண்டுச்சீட்டும் இருக்கும். கடைசி வீட்டுச் சீட்டில் 'இத்தோட சரி' என்றிருக்கும். இதற்குப் பெயர் லிங்க்டு லிஸ்ட். 1950களின் நடுவில் அமெரிக்காவில் நியூவெல், ஷா, சைமன் என்ற மூன்று பேர் கொண்டுவந்த ஏற்பாடு. இதில் ஒரு வீட்டுக்காரனுக்கு அடுத்த வீடு மட்டும்தான் தெரியும். நீ எத்தனை வாசல் ஏறி இறங்கி வந்தாய், இன்னும் எத்தனை பாக்கி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் கிடையாது.

கடைசி வீட்டுச் சீட்டில், நடுவிலுள்ள ஏதோ ஒரு வீட்டின் அடையாளத்தைத் தப்பாக எழுதிவிட்டால் முடிந்தது கதை. புரோகிராம் அதற்குள்ளேயே சுற்றும். நின்றுபோனால் பழுது என்று தெரிந்துவிடும். இது நிற்காது. பார்க்கிறவனுக்கு வேலை மும்முரமாக நடக்கிற மாதிரியே இருக்கும்.

இந்தச் சுற்றை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகள் கேட்பது வழக்கம். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் பதிலை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். நான் வீடு என்று சொல்லாமல் ஆபீஸ் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள் டக்கென்று நிமிர்ந்து பார்க்கும். அதுகளுக்கு விளக்கம் தேவையில்லை.

1987இல் நான் காலேஜில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. எங்களூர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசக்காடு. ஊருக்கு வெளியே எங்கள் தெரு. நாங்கள் என்ன சாதி என்று ஊருக்கே தெரியும். டீக்கடையில் தனிக் கிளாஸ் எடுத்து வைக்கத் தெரியும். தாளில் எழுதிக் கொடுக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

எங்கய்யா கரிமூட்டத்துக்கு வேலிக்கருவை வெட்டுகிறவர். ஒரு நாள் ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனி மாசத்து மேகாத்து மண்ணை வாரி முகத்தில் அடிக்க, எதிர்க்காற்றில் நடந்தே போவார். நாளைக்கு ஒரு ஆபீஸ். "அந்த ஆபீஸ்ல சீல் வாங்கிட்டு வா." அங்கே போனால், "மேல கையெழுத்து இல்லாம சீல் போட முடியாது." மேலே போனால், "கீழயிருந்து விசாரணைக் குறிப்பு வரலையே." கீழே வந்தால், "சீல் போட்ட தாள மொதல்ல கொண்டா." எந்த ஆபீஸ் என்று பெயர் சொல்லப்போவதில்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருத்தன் சொன்னதும் நியாயமாகத்தான் இருக்கும். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவன் ஒருத்தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சொன்னது வெளங்கலயா ஒனக்கு? படிச்சவன் எவனையாவது கூட்டிட்டு வா" என்பான். அய்யா, "சரிங்க சாமி" என்று திரும்புவார்.

எங்க மாமா, ஆத்தாளோட தம்பி, தன் மகளை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க இதே தாளுக்காக இதே நாளில் கிளம்பியவர். அவரிடம் சைக்கிள் இருந்தது. நாளைக்கு ரெண்டு ஆபீஸ் பார்த்துவிடுவார். ஒருநாள் ஒரே ஆபீஸ் திண்ணையில் ரெண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள்.

"என்ன மாப்ள, நீ எப்பவோ முடிச்சிருப்பன்னுல்லா நெனச்சேன்."

"முடிஞ்சிருந்தா நான் ஏன் மச்சான் இங்கன வாரேன்? இந்தத் திண்ணைக்கு இது ரெண்டாந்தடவ."

அய்யா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "எனக்குத்தான் புத்தி மட்டுன்னு இருந்தேன்" என்றாராம்.

இதே உபாயம்தான் கணிப்பொறிப் புத்தகங்களில் முயலும் ஆமையும் என்ற பெயரில் இருக்கிறது. 1969இல் வந்த டொனால்டு க்னூத்தின் புத்தகம் இது ராபர்ட் ஃபிளாய்டு சொன்னது என்கிறது. ஃபிளாய்டு டாக்டர் பட்டம் வாங்காமலே ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனவர். 1978இல் டூரிங் விருது வாங்கினார். நம்மூர் என்றால் எந்தச் சர்டிபிகேட் என்று கேட்டே அலையவிட்டிருப்பார்கள்.

அதற்கு முன்னாலும் வழி இல்லாமல் இல்லை. போன வாசலையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே போகலாம். பட்டியல் நீள நீள நோட்டும் தடிக்கும். வாசலுக்கு வாசல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டும் போகலாம். மேலத்தெரு வாசலில் எங்க ஆள் கோடு போட்டுவிட்டு முழுசாகத் திரும்ப முடியுமா என்பது வேற கதை. ஃபிளாய்டு வழியில் நோட்டும் வேண்டாம், கோடும் வேண்டாம். ரெண்டு ஆள் போதும். ஆமை ஓர் எட்டு வைக்கும்போது முயல் ரெண்டு எட்டு வைக்கும். பட்டியலுக்கு முடிவு இருந்தால் முயல் முதலில் போய்ச் சேர்ந்துவிடும். சுற்று இருந்தால் முயல் பின்னாலிருந்து வந்து ஆமையைப் பிடிக்கும். தாண்டிக் குதித்துவிடாதா என்று பிள்ளைகள் கேட்கும். குதிக்காது. சுற்றுக்குள் வந்தபிறகு ஒவ்வொரு தடவையும் இடைவெளி ஒன்றுதான் குறைகிறது. நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, அப்புறம் முட்டல்தான்.

எங்கே திருப்பிவிட்டான் என்பதையும் கண்டுபிடிக்கலாம். மொத்தம் எட்டு வாசல், எட்டாவது வாசல்காரன் நாலாம் வாசலுக்குத் திருப்பிவிடுகிறான் என்று வையுங்கள். ஒண்ணாம் வாசலிலிருந்து கிளம்பினால், ஆமை 5 எட்டு வைத்தபோது இருவரும் ஆறாம் வாசலில் சந்திப்பார்கள். இப்போது ஒருத்தரை ஒண்ணாம் வாசலுக்கு அனுப்பிவிட்டு, இருவரையும் ஒவ்வோர் எட்டாக நடக்கவிட வேண்டும். 3 எட்டில் இருவரும் நாலாம் வாசலில் நிற்பார்கள். ஆறாம் வாசலில் நின்ற ஆமை ஏற்கெனவே 5 நடந்தவர், இன்னும் 3 நடந்தால் 8. அதாவது நாலாம் வாசல் வரை 3, பிறகு முழுச்சுற்று 5. அந்தச் சுற்றில் நாலுக்கு முந்தி ஏறிய வாசல்தான் தப்புச் சீட்டு வைத்திருப்பது.

இப்போது சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப்போடலாம். அங்கேயும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மனு கைமாறித்தான் போகிறது.

அய்யாவும் மாமாவும் அன்றைக்கே ரெண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே இருந்த ஆபீசுக்குப் போனார்கள். ஒருத்தர் போய்ச் சொல்லியிருந்தால், ஒனக்கு வெளங்கலன்னு அனுப்பியிருப்பான். ரெண்டு தாளிலும் ஒரே தடம், வரிசை மாறாமல் இருந்தது. நாற்காலியில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், இவர்கள் முகத்தைப் பார்க்கவில்லையாம். மூணாம் நாள் கையெழுத்தானது. நான் காலேஜில் சேர்ந்தேன். மாமா மகளுக்குக் கடைசித் தேதி அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அவள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள்.