பன்னிரண்டா, பதினாறா?

ஐப்பசிச் சாயங்காலங்களில் எங்கள் ஊரில் முதலில் கரண்ட் போகும். பிறகுதான் மழை வரும். பொதிகை மலைப் பக்கம் வானம் கறுத்ததும் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அத்தையும் நானும் தார்சாவில் உட்கார்ந்திருப்போம். எனக்கு எட்டு வயது. இடி என்றால் நடுக்கம். காதைப் பொத்திக்கொண்டு அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

அத்தை அறிவியல் டீச்சர். ஒருநாள் என் கையைக் காதிலிருந்து எடுத்து, விரல்களை என் மணிக்கட்டிலேயே வைத்து அழுத்தினாள்.

"துடிக்குதால? மின்னல் வெட்டினதும் இதை எண்ணு. இடி கேட்டதும் நிறுத்து."

தன் நாடியை அவளும் பிடித்துக்கொண்டாள். மேற்கே பளீரென்று வெட்டியது. இடி உருண்டபோது அவள் கணக்கு பன்னிரண்டு. என் கணக்கு பதினாறு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அத்தை திருத்தவில்லை. பீரோவிலிருந்த கைக்கடிகாரத்தை எடுத்து வந்து, அரிக்கேன் வெளிச்சத்தில் பிடித்தபடி இருவர் நாடியையும் பார்த்தாள். நிமிடத்துக்கு அவளுக்கு 72, எனக்கு 96. சிலேட்டில் வகுத்தாள். அவளுடைய பன்னிரண்டும் 10 விநாடி. என்னுடைய பதினாறும் 10 விநாடி!

"சின்ன உடம்புக்கு இதயம் வேகமா அடிக்கும், பயந்தா இன்னும் வேகம். யானைக்கு நிமிஷத்துக்கு முப்பதுதான், சுண்டெலிக்கு ஐந்நூறுக்கு மேல. இப்ப சொல்லு, யார் எண்ணினது தப்பு?"

மின்னல் பாயும் வழியில் காற்று சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாகிச் சட்டென்று விரிவதால்தான் இடி பிறக்கிறது என்றாள். வெளிச்சம் உடனே வந்துவிடும்; ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ஆக, அந்த மின்னல் வெட்டியது 3.4 கிலோமீட்டர் தள்ளி. தூரம் தெரிந்ததும் பயம் பாதியாகக் குறைந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க நாடிதான் எங்கள் அளவுகோல். நிலவொளி பூமிக்கு வர அத்தையின் நாடிக்கு ஏறக்குறைய ஒன்றரைத் துடிப்பு. சூரிய ஒளிக்குச் சுமார் 500 விநாடி. அவள் நாடிக்கு 600 துடிப்பு. மழை விட்ட ஒரு காலை, என் நாடி 90-க்கு இறங்கியிருந்தது. முற்றத்து வெயிலில் நின்று 750 வரை எண்ணினேன். எண்ணத் தொடங்கியபோது சூரியனை விட்டுக் கிளம்பிய வெளிச்சம், எண்ணி முடித்தபோது என் உள்ளங்கையில் விழுந்தது. அந்தச் சூட்டை இன்றும் மறக்கவில்லை.

அன்று அத்தை "தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் மறுபடி காதைப் பொத்தியிருப்பேன். உங்கள் வீட்டுப் பிள்ளை வேறு விடை சொன்னால், திருத்துவதற்கு முன் எதை வைத்து அளந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.