காக்கை உட்கார

ஒரேயடியாகக் கெட்டுப்போன இயந்திரத்தோடு யாருக்கும் தகராறு இல்லை. பழுது பார்க்கலாம், இல்லாவிட்டால் தூக்கி எறியலாம். அவ்வப்போது கெட்டு, கூப்பிட்ட ஆள் வந்து நிற்கும்போது ஒழுங்காக இயங்குவதுதான் மனிதர்களைச் சோதிக்கிறது. காரணம் தெரியாத நிலையில் கொஞ்ச நாள் இருக்க நம்மால் முடிவதில்லை. கைக்கு அகப்பட்டதைக் காரணமாக்கிவிடுகிறோம். பல சமயம் அப்படி அகப்படுவது ஒரு மனிதராக இருக்கிறார்.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை கொங்குநாட்டில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. அங்கே மூன்றாம் கவுண்டரின் மானிட்டர் தை மாதத்திலிருந்து திடீர் திடீரென்று இருண்டுபோக ஆரம்பித்தது. இரண்டு மூன்று விநாடி முழுக் கறுப்பு. பிறகு ஒன்றும் நடக்காதது போல் எல்லாம் திரும்பிவிடும். பணத்தை எண்ணி, தொகையைப் பதிந்து, பொத்தானை அழுத்தும் கணத்தில் திரை போனால், பதிவாயிற்றா இல்லையா என்ற சந்தேகம் திரை வந்த பிறகும் போகாது. சரிபார்த்தாக வேண்டும். வரிசை நீளும். வரிசையில் நிற்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரைத்தான் பார்க்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்களில் மூத்தவர். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன் கணவரை இழந்தவர். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள இன்ஜினியர் வந்து கேபிளை அழுத்திப் பார்த்து, கால் மணி நேரம் நின்றார். திரை அசையவில்லை. அவர் கிளம்பிப் போக, அக்கா வந்து உட்கார்ந்தார், திரை போயிற்று. “அக்கா உட்கார்ந்தாப் போயிடுது பாருங்க” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு வாரத்தில் சிரிப்பு போய்விட்டது, வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. ராசி என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. “என்னை உள் வேலைக்குப் போட்டுடுங்க சார்” என்று அக்காவே மானேஜரிடம் கேட்டுவிட்டார்.

படித்தவரான இன்ஜினியர் ராசியை ஒப்பவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார். ஆக இரண்டு கட்சிகள்: ராசி, தற்செயல். இரண்டுக்கும் பொதுவான ஒரு சௌகரியம் உண்டு. இரண்டுமே அதற்கு மேல் பார்க்க வேண்டாம் என்கின்றன.

பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இருளும்போது மானிட்டரின் கீழே உள்ள சிறு விளக்கு அணைகிறதா? அணைந்தால் மின்சாரத்தில் கோளாறு. எங்களுடையது அணையவில்லை. அடுத்து, இருண்ட திரை மேல் பேட்டரி லைட்டைச் சாய்வாக அடித்துப் பார்ப்பது. இந்த வகை மானிட்டரில் படத்தை உண்டாக்குவது ஒன்று, பின்னாலிருந்து ஒளி தருவது வேறொன்று. ஒளி மட்டும் செத்திருந்தால் மங்கலாகப் படம் தெரியும். இதற்காக லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தேன். படம் இல்லை. அப்படியானால் வந்துசேரவேண்டிய சிக்னலே வந்துசேரவில்லை. இன்ஜினியர் இரண்டாம் முறை வந்தபோது கேபிளை மாற்றச் சொன்னேன், கோளாறு போகவில்லை. பிறகு மானிட்டரைப் பக்கத்துக் கவுண்டருடையதோடு மாற்றினோம், பிறகு சி.பி.யூ.வை. ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று, ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தர்க்க நூலில் வகுத்துச் சொன்ன வித்தியாச முறை இதுதான். எல்லாம் மாறிய பிறகும் கோளாறு மூன்றாம் கவுண்டரிலேயே இருந்தது.

ஒரு பழைய நோட்டில் மூன்று பத்தி கிழித்தேன். மணி, திரையில் இருந்தது, ஆள் செய்துகொண்டிருந்தது. எட்டு வேலை நாளில் 17 முறை இருண்டது. அதில் 15க்கு எதிரே ஒரே சொல் மாறி மாறி வந்தது: எழுந்தார், உட்கார்ந்தார். அக்கா மற்றவர்களைப் போல இல்லை. செலான் நிரப்பத் தெரியாத கிழவர் யார் வந்தாலும் எழுந்துபோய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து உட்காருவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை.

அன்று சாயங்காலம் ஷட்டரை இறக்கிய பிறகு, அந்தச் சுழல் நாற்காலியில் நானே 20 முறை உட்கார்ந்து எழுந்தேன். நான்கு முறை திரை போயிற்று. ரிகார்டு ரூமிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து 20 முறை. ஒரு முறைகூட இல்லை. சுழல் நாற்காலியைப் பக்கத்துக் கவுண்டருக்குத் தள்ளினேன். அந்தத் திரையும் இருண்டது.

உயரத்தை ஏற்றி இறக்க வாயு அடைத்த குழாய் உள்ள நாற்காலி அது. உடம்பு இருக்கையை விட்டுப் பிரியும்போது மின்னேற்றம் சேர்கிறது. அது பாய்ந்து அடங்கும் அந்த மிகச் சிறு கணத்தில் ரேடியோ அலை ஒன்று கிளம்புகிறது. மானிட்டர் கேபிள் ஏரியலைப் போல அதை வாங்கிக்கொள்கிறது. சிக்னலின் ஒழுங்கு தவறியதும் மானிட்டர், தப்பான படத்தைக் காட்டுவதைவிட மறுபடி ஒழுங்கு பிடிபடும்வரை கறுப்பாக இருந்துவிடுகிறது. தை, மாசியின் வறண்ட காற்றில் மின்னேற்றம் எளிதில் கசிந்து போகாது, ஏ.சி. அதை இன்னும் வறட்டுகிறது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. டிஸ்ப்ளேலிங்க் என்ற கம்பெனி தன் உபயோகிப்பாளர்களுக்கான குறிப்பிலேயே இவ்வகை நாற்காலிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். ராசிக் கட்சி பார்த்தது சரி. அக்கா உட்கார்ந்தால் திரை போனது உண்மை. காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்தது. அறிவுக் கட்சி, எதிரி மூடநம்பிக்கைக்காரன் என்பதாலேயே அவன் கண்ணால் கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. ராசிக் கட்சியோ கண்டதிலிருந்து நேரே தீர்ப்புக்குத் தாவியது, இடையில் ஒரு நாற்காலி இருப்பதைப் பார்க்காமல்.

நம் விமர்சனத்தில் இந்த இரண்டு கட்சிகளும் எனக்குப் பழக்கமானவை. க.நா.சு.வின் ரசனையையும் செல்லப்பாவின் அலசலையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை போட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். இந்தக் கவிதையில் இந்த வரி வரும்போது எனக்கு இருண்டுபோகிறது என்று ஒரு வாசகன் சொன்னால், அது தகவல். நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது. இவனுக்கு எழுத வராது என்பது ராசி. அது உன் பிரமை என்பது தற்செயல். ரசனை கொண்டுவந்து தரும் தகவல் இல்லாமல் அலசல் எதை அலசும்? இருள்வது கவிதையிலா, கேபிளிலா, வாசகன் உட்கார்ந்திருக்கும் இடத்திலா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் சிரத்தை நம்மிடம் அபூர்வம்.

பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கிறேன். அக்காவை உள்ளே அனுப்பியிருப்பார்கள். அந்த இடத்துக்கு, எந்தக் கிழவருக்காகவும் எழுந்திருக்காத ஒருவர் வந்திருப்பார். திரை அநேகமாக இருண்டிருக்காது. ராசி நிரூபணமாகியிருக்கும்.

வாக்கியத்தை முதலில் சொன்னவரைக் கூப்பிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். ஆறாவது தடவை திரை போயிற்று. “அதான் அப்பவே சொன்னேனே, உட்கார்ந்தாப் போகுதுன்னு” என்றார். அக்கா என்ற சொல் மட்டும் அதில் இல்லை. அவரிடமிருந்து கிடைத்தது அவ்வளவுதான்.