ஒரு தடவை அடிச்சா ஏழு இடத்துல தப்பு

எங்க ஊர் பேரை எழுதினா பாதி வரி காலி. திருமலைராயன்பட்டினம். காரைக்கால்லேர்ந்து நாகூர் போற வழியில இருக்கு. பஸ்ல டி.ஆர்.பட்டினம், வீட்ல வெறும் பட்டினம். ஒரே பாட்டுல ரெண்டு அர்த்தம் வெச்சுப் பாடின காளமேகம், எங்க ஊர் ராஜசபையிலதான் அதிமதுரகவியோட மோதினார்னு கதை. கடைசியில கோவிச்சுக்கிட்டு மண்மாரி பெய்யட்டும்னு பாடிட்டுப் போயிட்டாராம். நான் சொல்லப்போறது அதுக்கு நேர் எதிர். ஒரே வார்த்தை இருபது இடத்துல வரணும், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரணும்.

சித்தப்பா பத்திரம் எழுதுறவர். பழைய பத்திரத்தை வேர்டுல திறந்து, சேவ் ஆஸ் குடுத்து, பேர், ஊர், சர்வே நம்பர் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாத்துவார். எங்கயாவது ஒரு இடம் விட்டுப்போனா, போன மாசம் வந்தவரோட அப்பா பேர் இந்த மாசப் பத்திரத்துல உக்காந்திருக்கும். ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டா வேற வம்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பேர் இருந்தா, நான்கெல்லையில அவரும் சேர்ந்து மாறிடுவார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன இந்த இன்ஜினியர் சும்மா இருப்பானா? :-)

வேர்டு 2007-லேர்ந்து ஒரு வசதி இருக்கு மக்களே. இன்சர்ட் மெனுவுல குவிக் பார்ட்ஸ், அதுக்குள்ள டாக்குமெண்ட் பிராபர்ட்டி. அங்க மேனேஜர், கம்பெனி, சப்ஜெக்ட்னு ஒரு பட்டியல் வரும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா ஒரு சின்னப் பெட்டி வந்து விழும். அதையே காப்பி பண்ணி வேணுங்கிற இடத்துல எல்லாம் ஒட்டிட்டு, ஒரு பெட்டியில மட்டும் டைப் அடிச்சா போதும். மத்த பெட்டி எல்லாம் தானா நிரம்பிடும். (லிபர் ஆபீஸ்காரங்களுக்கு யூசர் ஃபீல்டுனு இதே மாதிரி ஒண்ணு உண்டு.) பெரியப்பா பேரை மேனேஜர்லயும் அத்தை பேரை கம்பெனியிலயும் போட்டு ஆரம்பிச்சேன். பெரியப்பா தன் மனையை அத்தைக்கு செட்டில்மென்ட் எழுதிக் குடுக்குறதா இருந்தார். அதுதான் முதல் சோதனை.

ஆரம்பத்துலயே தமிழ் மடக்கிடுச்சு. இங்கிலீஷ்ல பேர் எங்க வந்தாலும் அப்படியே நிக்கும். நமக்கு ராமன் ராமனுக்கு ஆவான், பட்டினம் பட்டினத்தில் ஆகும். பெட்டிக்குப் பின்னாடி "இல்" போட்டா "பட்டினம்இல்"னு நிக்குது. நான் முழிக்கிறதைப் பார்த்துட்டு சித்தப்பா சிரிச்சார்.

"பேர்ல ஏன்டா கை வைக்கிற? பின்னாடி 'என்பவருக்கு' போடு. ஊருக்கு 'கிராமத்தில்' போடு."

அட! வேற்றுமை உருபை பேர் மேல ஏத்தாம அடுத்த வார்த்தை மேல ஏத்திடறது. பத்திரத் தமிழ்ல இது காலங்காலமா இருக்கு. யோசிச்சுப் பார்த்தா "மேற்படி"யும் "எழுதி வாங்குபவர்"ம் கூட நம்ம வேரியபிள்தான். மேல ஒரு தடவை பேரைச் சொல்லிட்டு, கீழ முழுக்க அதைக் காட்டியே ஓட்டிடறாங்க. நான் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சதை இவர் டைப்ரைட்டர்லயே பண்ணிருக்கார்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

பத்திரம் அடிச்சு முடிச்சதும் சித்தப்பா ஒத்துப்பார்க்கக் கூப்பிடுவார். ஒருத்தர் புதுசைச் சத்தமா படிக்கணும், இன்னொருத்தர் மூலப்பத்திரத்துல விரல் வெச்சுப் பார்க்கணும். அன்னைக்கு நான், "தேவையில்ல சித்தப்பா, எல்லா இடத்துலயும் கம்ப்யூட்டரே போட்டுருக்கு, மாறவே மாறாது"ன்னேன்.

மாறலைதான். மூலப்பத்திரத்துல சர்வே நம்பர் 112/3. நான் அடிச்சது 121/3. ஏழு இடத்துலயும் அதே 121/3.

பழையபடி ஏழு தடவை தனித்தனியா அடிச்சிருந்தா ஏதாவது ஒரு இடத்துல 112 வந்திருக்கும். ரெண்டும் மோதும்போது யாராவது ஒருத்தர் நின்னு கேட்டிருப்பாங்க. இதுல மோத எதுவுமே இல்ல. பத்திரம் அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. பதிவும் ஆயிடுச்சு. பட்டா மாத்தப் போனப்பதான் அத்தைக்கு விஷயம் தெரிஞ்சுது.

பிழைதிருத்தல் பத்திரம் போட்டே ஆகணும். அதுக்குப் பெரியப்பா மறுபடி கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள அவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருந்தார். கார் சீட்டைச் சாய்ச்சு, தலகாணி வெச்சுக் கூட்டிட்டுப் போனோம். வேகத்தடை வர்ற எடத்துல எல்லாம் அவர் பல்லைக் கடிக்கிறதை நான் முன் சீட்லேர்ந்து கண்ணாடியில பார்த்துட்டே வந்தேன். கையெழுத்துப் போட்டுட்டு என்னைப் பார்த்து, "ஒரு தடவை குடுத்தா பத்தாதாடா உன் கம்ப்யூட்டருக்கு?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. என்னால முடியல.

சென்னைக்குத் திரும்பினப்புறமும் இதே யோசனையா இருந்துச்சு. பன்ச் கார்டு காலத்துல வெரிஃபையர்னு தனியா ஒரு மெஷினே இருந்துச்சு. ஒருத்தர் துளை போட்ட கார்டை அதுல வெச்சு, இன்னொருத்தர் அதே தகவலை மறுபடி அடிப்பார். ஒத்துப்போகலைன்னா மெஷின் நின்னுடும். இன்னைக்கும் புது பாஸ்வேர்டை ரெண்டு தடவை கேக்குறாங்க, பணம் அனுப்பும்போது அக்கவுண்ட் நம்பரை ரெண்டு தடவை அடிக்கச் சொல்றாங்க. இத்தனை நாளா அதைத் தொல்லைன்னு திட்டிக்கிட்டு இருந்தவன் நான்.

இப்ப டெம்ப்ளேட்டை மாத்திட்டேன். பேரும் ஊரும் முன்ன மாதிரியே தானா நிரம்பும். சர்வே நம்பரும் அளவும் மட்டும் ரெண்டு தடவை அடிக்கணும். முதல் தடவை நான் அடிப்பேன், கடைசியில சொத்து விவரத்துல மூலப்பத்திரத்தைப் பார்த்து சித்தப்பா அடிப்பார். ஒரு ஐஎஃப் ஃபீல்டு ரெண்டையும் ஒப்பிடும். கன்ட்ரோல்+ஏ, எஃப்9 தட்டினா, வித்தியாசம் இருக்கும்போது "ஒத்துப்போகவில்லை"ன்னு தலைப்புக்குக் கீழ வந்து நிக்கும்.

அதுக்கப்புறமும் சித்தப்பா சத்தமா படிக்கச் சொல்றார். போன தடவை ஊருக்குப் போனப்ப யாரோ ஒருத்தரோட கிரயப் பத்திரம். நான் படிச்சேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கிட்டு மூலப்பத்திரத்துல விரல் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நம்பர் வந்ததும், "நிறுத்து. இன்னொரு தடவை சொல்லு"ன்னாங்க.

சொன்னேன்.