அகலக்கால்

"அகலக்கால் வைக்காதே" என்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற அறிவுரை. சக்திக்கு மீறிய காரியத்தில் இறங்காதே என்பது அதன் பொருள். ஆனால், காலே அகலமாக அமைந்துவிட்டவன் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. என் தம்பியின் மகன், யாழ்ப்பாண வழக்கில் சொன்னால் என் பெறாமகன், அந்த விடையைத் தேடி மூன்று மாதங்கள் கொழும்பின் சப்பாத்துக் கடைகளை ஏறி இறங்கினான். பாதி நாட்கள் நானும் கூடச் சென்றேன். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் அமைச்சர்களின் பின்னால் அலைந்தவனுக்கு, ஒரு சோடிச் சப்பாத்தின் பின்னால் அலைவது ஒன்றும் இழுக்கில்லை.

சப்பாத்து என்று எழுதும்போதே தமிழ்நாட்டு நண்பர்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. அது போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுச்சென்ற சொல். பாண் சுடும் போறணையும் அவர்கள் தந்ததே. பின்னர் வந்தது பாட்டா. 1894 ஆம் ஆண்டு இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரில் தோமஸ் பாட்டா தொடங்கிய கம்பனியின் பெயர், இலங்கையில் இறப்பர்ச் செருப்பு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1962 இல் தொடங்கப்பட்ட நமது டி.எஸ்.ஐ. நிறுவனத்தின் செருப்பை வாங்கிக்கொண்டு வந்தும் "பாட்டா வாங்கினேன்" என்றுதான் சொல்வோம். பாட்டாவில் ஒரு வசதி உண்டு. கால் எவ்வளவு அகலமானாலும் அது கேள்வி கேட்பதில்லை. விரல்கள் விளிம்பைத் தாண்டி மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பெறாமகன் வளர்ந்தது அந்தப் பாட்டாவிலும் வெறுங்காலிலும்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது என் தம்பி குடும்பமும் தென்மராட்சி வழியாக வன்னிக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு இவன் பிறந்தான். பாடசாலைக்கு மட்டும் செருப்பு, மற்ற நேரமெல்லாம் மணல். 2009 இன் நடுப்பகுதியில், செட்டிகுளம் முகாமின் முள்வேலிக்கு இப்பால் நின்று நான் அவனைக் கண்டபோது முதலில் என் கண்ணில் பட்டவை அவனுடைய கால்கள்தாம். பதின்மூன்று வயதுப் பையனின் உடம்பில் வளர்ந்த மனிதனின் பாதங்கள். கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை அவன் நடந்தும் ஓடியும் கடந்த வழியைப் பற்றி இன்றுவரை நான் விரிவாகக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

இப்போது வெள்ளவத்தையில் வேலை. கல்கிசையில் என்னோடு வாசம். கடற்கரை ஐந்து நிமிட நடை என்பதால் இங்கு வந்த முதல் வருடமே நீந்தக் கற்றுக்கொண்டான். பின்னர் ஒரு பழைய பந்தயத் துவிச்சக்கர வண்டி வாங்கினான். 2022 இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது கொழும்பில் பழைய வண்டிக்கும் கிராக்கி ஏற்பட்டதல்லவா, அப்போது நல்ல விலைக்கு அதைக் கேட்டார்கள்; கொடுக்கவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரயத்லன் போட்டிக்குப் பயிற்சி செய்யப்போவதாக அறிவித்தான். எதற்கப்பா இந்த வில்லங்கம் என்று கேட்டேன். "ஓடவேண்டி வந்து ஓடினது போதும் பெரியப்பா. ஒருக்கா விரும்பி ஓடிப்பாக்கப்போறன்" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1974 செப்ரெம்பரில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் தொடங்கியது. 1978 இல் ஹவாயில் 'இரும்பு மனிதர்' என்ற நெடுந்தூரப் போட்டி பிறந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. கொழும்பில் 2018 பெப்ரவரியில் முதன்முதலாக அந்த 'இரும்பு மனிதர்' போட்டியின் அரைத்தூர வடிவம் நடைபெற்றது. கடலில் 1.9 கிலோமீற்றர், சைக்கிளில் 90, ஓட்டத்தில் 21.1. பெறாமகனின் கண் அந்தத் தூரத்தின் மீதுதான்.

வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1971 இல் பாக்குநீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தவர். அதே மனிதர் 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கு மேல் இறங்காமல் சைக்கிள் ஓட்டினார். அடுத்த வருடம் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். ட்ரயத்லன் என்ற சொல் இந்தத் தீவில் எவருக்கும் தெரியாத நாளில் நீச்சலையும் சைக்கிளையும் ஓருடம்பில் சேர்த்தவர் அவர். பெறாமகனின் அறைச் சுவரில் அவருடைய படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. நான் ஒட்டவில்லை.

இனிச் சப்பாத்து.

சாதாரண சைக்கிளை எந்தக் காலணியோடும் மிதிக்கலாம். பந்தயக்காரர்களோ அடிப்பாகம் மரக்கட்டைபோல் விறைத்த சப்பாத்தை அணிகிறார்கள். அதன் அடியில் திருகாணியால் பூட்டிய ஒரு கொளுக்கி பெடலோடு 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டுச் செய்துவந்த பிரெஞ்சுக் கம்பனியான லூக் 1984 இல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பெர்னார் ஈனோ இதே பெடலில் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றதும் உலகம் முழுவதும் பரவிற்று. அடி வளையாததால் காலின் பலம் வீணாகாமல் பெடலுக்குப் போகிறது. அகலக் காலுக்குத் தொல்லையும் அங்கேதான். தோல் சப்பாத்து ஒரு மாதத்தில் காலுக்கு இணங்கிவிடும். கார்பன் நாரினால் செய்த அடி ஒருநாளும் இணங்காது. 90 கிலோமீற்றரை மூன்று மணித்தியாலத்தில் ஓட்டுபவன், நிமிடத்துக்கு 85 சுற்று என்று கொண்டால், 15,300 தடவை அந்த அடியை அழுத்துகிறான். அதுவும் கொழும்பு வெயிலில், வீங்கிய காலோடு, கடலிலிருந்து ஈரத்தோடு வந்து காலுறை இல்லாமல்.

பெறாமகனின் முதற் சப்பாத்து கொழும்பில் ஒரு கடையில் வாங்கியது. கடையின் பெயர் வேண்டாம். கால் நுழையவில்லை என்றதும் விற்பனையாளர் இரண்டு இலக்கம் பெரிதாக எடுத்துக் கொடுத்தார். நம் நாட்டில் அகலக் காலுக்குக் கடைக்காரர் தெரிந்துவைத்திருக்கும் ஒரே வைத்தியம் இதுதான். ஆங்கிலேய அளவில் ஓர் இலக்கம் என்பது அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். அது நீளக் கணக்கு. நீளம் பதினேழு மில்லிமீற்றர் கூடும்போது அகலம் சில மில்லிமீற்றர் மட்டுமே கூடும். விளைவாகக் குதிகால் உள்ளே ஆடும், முன்பக்கம் அப்போதும் நெரியும். அதைவிடப் பெரிய கேடு, கொளுக்கி பூட்டும் துளைகள் பாதத்தின் மேட்டுக்குக் கீழே வராமல் விரல்களின் பக்கம் தள்ளிப்போவது. பிறகு கெண்டைக்கால் வலிக்கிறது என்று எண்ணெய் பூசிப் பயனில்லை.

பாணந்துறைப் பாலத்தடியில் ஒருநாள் காலை அவன் வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசி எடுத்தான். வலது காலின் மூன்று விரல்களில் உணர்ச்சியே இல்லை என்றான். நான் முச்சக்கர வண்டியில் போய்ப் பார்த்தபோது வீதியோரம் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். சின்னவிரல் நகம் கறுத்திருந்தது. விரல்களுக்கு இடையே ஓடும் நரம்பு எலும்புகளுக்கு நடுவில் நசிகிறது, இப்படியே தொடர்ந்தால் அது தடித்து நிரந்தர வலியாகும் என்றார் மருத்துவர். அன்று மாலை, "விட்டிடுறன் பெரியப்பா, எங்கட காலுக்குச் சரிவராத விளையாட்டு" என்றான். காலைப் பற்றி மட்டும் அவன் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது. தன் பாதங்களை அவன் வெட்கத்தோடு பார்ப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

வெட்கப்பட என்ன இருக்கிறது? வெறுங்காலோடு வாழும் இந்தியர்களையும் சப்பாத்து அணிபவர்களையும் ஒப்பிட்டுப் பெல்ஜிய ஆய்வாளர் டோட்டும் அவருடைய குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, வெறுங்கால்காரரின் பாதம் அகலமானது, உடற்பாரத்தை அது சீராகப் பகிர்ந்து தாங்குகிறது என்று கண்டது. அதற்கு முன், 1992 இல், ராவ், ஜோசப் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதங்களைச் சோதித்தார்கள். தட்டைப்பாதம் சப்பாத்து அணியும் பிள்ளைகளில் 8.6 விழுக்காடு, அணியாதவர்களில் 2.8 விழுக்காடு. பழுது காலில் இல்லை, ஒடுங்கிய அச்சில் வார்த்த சப்பாத்தில் என்று அவனுக்கு வாசித்துக் காட்டினேன். எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலாவுக்கு 1960 இல் உரோமாபுரியில் கொடுத்த புதுச் சப்பாத்து காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலோடு ஓடி மரதனை வென்றார். நான்கு வருடம் கழித்துத் தோக்கியோவில் பொருத்தமான சப்பாத்தோடு ஓடி மறுபடி வென்றார். முதற்பாதியை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி.

கொட்டாஞ்சேனையில் தெருவோரம் அமர்ந்து சப்பாத்துத் தைக்கும் முதியவர் ஒருவரிடமும் போனோம். என் காலணிகளை இருபது வருடமாகப் பார்ப்பவர். சப்பாத்தை வாங்கிக் குப்புறப் பிடித்து, அடியை விரலால் தட்டிப் பார்த்தார். "மேல்பக்கத்தக் கட்டை போட்டு இழுத்துத் தாறேன் ஐயா. ஆனா கால் நிக்கிறது மேல இல்லியே" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு பழைய பத்திரிகைத் தாளை நிலத்தில் விரித்து, பெறாமகனை இரண்டு காலிலும் பாரம் போட்டு நிற்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிலும் வரைந்தார். காலையில் அளக்கக்கூடாது, மாலையில் கால் வீங்கிய பிறகுதான் அளக்கவேண்டும் என்றார். காசு வாங்கவில்லை. எந்தக் கடையிலும் எவரும் செய்யாத காரியம் அது. நீளம் 262 மில்லிமீற்றர், அகலம் 110. மனிதர் காலைத் தொடும் தொழிலைத் தாழ்த்திவைத்த சமூகம் கடைசியில் தன் காலின் அளவையே அறியாமல் போயிற்று என்று தோன்றியது. அது இன்னொரு நாளைக்கு எழுதவேண்டிய விடயம்.

அந்த எண்களைக் கொண்டு தேடியபோது வழி திறந்தது. அகலத்துக்கு ஆங்கில எழுத்துகளால் ஆன ஓர் அளவு உண்டு. ஆண்களுக்கு டி என்பது வழமை, இரட்டை ஈ அகலம், நான்கு ஈ மிக அகலம். இவன் கால் நான்காவது ஈயை எட்டிப் பிடிக்கிறது. ஜப்பானின் சிமானோ சில வகைகளில் அகல அச்சும் தருகிறது. இத்தாலியின் சிடி 'மெகா' என்ற பெயரில் விற்றுவந்தது. அவுஸ்திரேலியாவின் பொண்ட் சப்பாத்தை வீட்டுப் போறணையில் எழுபது பாகை வெப்பத்தில் இளக்கிக் காலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். லேக் கூடுதல் அகலம் வரை செய்கிறது. ட்ரயத்லனுக்கென்றே வரும் ஒற்றைப்பட்டிச் சப்பாத்துகளில் அகலம் அரிது. ஆகவே சாதாரண வீதிச் சப்பாத்தே போதும் என்று தீர்மானித்தோம். மாட்டிக் கழற்ற அரை நிமிடம் கூடுதலாகும். 90 கிலோமீற்றரில் உணர்ச்சியுள்ள விரல்கள் அந்த அரை நிமிடத்தை மீட்டுத் தந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம் இன்னும் எளிது. தட்டைப் பெடலைப் பூட்டி, ஓடும் சப்பாத்தோடே சைக்கிளையும் ஓட்டுங்கள். எந்த விதியும் தடுப்பதில்லை. பெறாமகன் ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினான். விரல்கள் மெல்லத் தெளிந்தன. மழை நாளில் கால் வழுக்குகிறது என்றபோதுதான் மறுபடி கொளுக்கிக்கு வந்தோம்.

கூடுதல் அகலம் கொழும்பில் கிடைக்கவில்லை. டொலர் 2022 இல் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவியபின் இப்படியான பொருளை வரவழைத்து அடுக்கிவைக்க எந்தக் கடைக்காரர் துணிவார்? ரொறன்ரோவிலுள்ள என் தங்கையின் மகள், கொட்டாஞ்சேனை முதியவர் வரைந்த பாதத்தின் படத்தைக் கைப்பேசியில் பெற்று, அதே அளவில் கடதாசி வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மூன்று சோடிகளின் உள்ளட்டையைக் கழற்றி, அதன்மேல் கடதாசியை வைத்துப் பார்த்து, விளிம்பைத் தாண்டாத ஒன்றைத் தேர்ந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆடித் திருவிழாவுக்கு ஊர் வந்த ஒருவரின் பெட்டியில், வேட்டிகளுக்கு நடுவே அது வந்து சேர்ந்தது.

கொளுக்கியை இயன்றவரை பின்னுக்குத் தள்ளிப் பூட்டினோம். பாரம் விரலடியிலிருந்து சற்று விலகும். முதல் வாரம் பாணந்துறை, அடுத்த வாரம் களுத்துறைப் பாலம்வரை. திரும்பி வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, பத்து விரல்களையும் விரித்து மடக்கிக் காட்டினான். சின்னவிரலில் புது நகம் பாதி வளர்ந்திருந்தது. விலையை மட்டும் அவனுடைய தகப்பனிடம் இன்னும் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.