டீக்கடைப் பாட்டுக்குப் போன காசு

மே 16, 2025, வெள்ளி

சித்ரா பௌர்ணமித் தேர் வீடியோவை நேற்று ராத்திரி யூடியூபில் ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் காப்புரிமைக் கிளைம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்துச் சின்ன ஊர்த் தேர், 31 நிமிட வீடியோ. சிக்கியது 18:40 முதல் 19:22 வரை. தேர் மேல வீதியிலிருந்து வடக்கு வீதிக்குத் திரும்புகிற இடம் அது. முனையில் டீக்கடை, கடை வாசலில் ஸ்பீக்கர், அதில் 80களின் சினிமாப் பாட்டு ஒன்று. கடைக்காரர் போட்டது; நான் எடிட்டில் சேர்த்ததல்ல.

அண்ணன் பதறிப்போய், "சேனல் போச்சா?" என்றார். போகவில்லை. அவர் பயப்படுகிற ஸ்ட்ரைக் வேறு. உரிமைக்காரர் முறைப்படி எழுதிக்கொடுத்து வீடியோவை எடுக்கச் சொன்னால்தான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலுக்கு மூடுவிழா. இது கண்டென்ட் ஐடி பிடித்தது. கம்பெனிகள் தங்கள் பாட்டுகளை யூடியூபிடம் ஒப்படைத்து வைத்திருக்கின்றன. 2007 முதல் இந்த ஏற்பாடு. நாம் ஏற்றுகிற ஒவ்வொன்றையும் மெஷின் அவற்றோடு ஒட்டிப் பார்க்கிறது. ஒத்துப்போனால் என்ன செய்வது என்று கம்பெனி முன்பே சொல்லி வைத்திருக்கும்: தடுக்கலாம், விளம்பரக் காசை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கணக்கு மட்டும் பார்க்கலாம். எனக்கு வாய்த்த கம்பெனி காசை எடுத்துக்கொண்டிருக்கிறது.

நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நம் பங்கு. கிளைம் விழுந்தால் அந்தப் பங்கு அங்கே போகும். 42 விநாடிப் பாட்டுக்கு 42 விநாடிக் காசு என்ற கணக்கெல்லாம் கிடையாது.

மே 18, ஞாயிறு

மூன்று வழி காட்டுகிறது யூடியூப் ஸ்டுடியோ: அந்தத் துண்டை வெட்டு, பாட்டை மட்டும் அழி, வேறு பாட்டு போடு. வேறு பாட்டு போடுவது நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. தேர் திரும்பும்போது கிடார் வாசிப்பதா?

பாட்டை அழிக்கும் வசதியை முயன்று பார்த்தேன். பேச்சுக்குரல் நன்றாகவே தப்பிக்கிறது. தவில் தப்பவில்லை. தண்ணீருக்கடியில் அடிப்பதுபோல் அமுங்கிவிட்டது. அந்த 42 விநாடியில்தான் எல்லாமே இருக்கிறது. முட்டுக்கட்டை போடுகிற பெரியவர் சக்கரத்துக்குக் குனிகிறார், கட்டையைச் செருகிவிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறார், சக்கரம் கட்டையில் ஏறி முனகுகிறது, வடம் பிடித்தவர்கள் ஒரே மூச்சாகக் கத்துகிறார்கள். இதை வெட்டினால் தேர் மேல வீதியிலிருந்து வடக்கு வீதிக்குப் பறந்து வந்ததாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

மறுப்பு தெரிவிப்பதானால் ஐந்து நாளுக்குள் தெரிவிப்பது நல்லது. முதல் நாளிலிருந்து வந்த காசைத் தனியே நிறுத்தி வைத்து, ஜெயித்தவருக்குக் கொடுப்பார்கள். பதில் சொல்லக் கம்பெனிக்கு 30 நாள். ஆனால் மறுக்க எனக்குக் காரணம் இருக்கிறதா என்பதல்லவா முதல் கேள்வி.

மே 19, திங்கள்

திருவாரூர் கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணும் சித்தப்பாவிடம் கேட்டேன். காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பலகாரத்தைக் கடித்தபடி படித்துக் காட்டினார்.

கோயில் விழாவில் பாட்டு ஒலித்தால் மீறல் இல்லை. கல்யாண ஊர்வலமும் அதில் அடக்கம். ஆனால் அந்தச் சலுகை விழாவோடு சரி. விழாவைப் படமெடுத்து விளம்பரத்தோடு ஓட்டுகிறவருக்கு அது வராது. கோபுரத்துச் சுதை உருவமோ சுவர் ஓவியமோ படத்தில் பின்னணியாக வந்து போனால் குற்றமில்லை என்று தனியாக ஓர் உட்பிரிவே இருக்கிறது. அது கலைப் படைப்புகளுக்கு மட்டும். பின்னணியில் தானாக வந்து விழுந்த பாட்டைப் பற்றிச் சட்டம் மூச்சுவிடவில்லை. பிரிட்டனின் 1988 சட்டம் தற்செயலாக வந்து விழுந்த இசையை மன்னிக்கிறது. வேண்டுமென்றே சேர்த்தால்தான் தப்பு.

"நடப்புச் செய்தின்னு வாதாடலாம். ஆனா நீ செய்தியா போடுற? ஊர் ஊரா தேர் காட்டி விளம்பரம் ஓட்டுற" என்றார் சித்தப்பா. பதில் சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

மே 20, செவ்வாய்

நம் தொழில் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான வைத்தியங்கள். பத்து விநாடிக்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாதாம். சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் மெஷினுக்குத் தெரியாதாம். "உரிமை உரியவருக்கே" என்று கீழே எழுதிவிட்டால் போதுமாம். மூன்றுமே பொய். போன நவம்பரில் நடிகை நயன்தாரா வெளியிட்ட கடிதம் யாருக்கும் ஞாபகமில்லை போலிருக்கிறது. மூன்று விநாடிக் காட்சிக்குப் பத்துக் கோடி கேட்டு நோட்டீஸ் வந்ததாக அவரே எழுதியிருந்தார். சுருதியை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மெஷினை ஏமாற்றவே முடிந்தாலும், அந்தப் பாட்டுக்கு உழைத்தவனையும் சேர்த்துத்தானே ஏமாற்றுகிறோம்?

ஒருவர் மட்டும் உருப்படியாகக் கேட்டார்: பழைய பாட்டு என்றால்? ஒலிப்பதிவுக்கு 60 வருடம். 1964 வரை வெளியான இசைத்தட்டுகள் இந்த வருடக் கணக்கில் வெளியே வந்துவிட்டன. வரிகளும் மெட்டும் வேறு கணக்கு. எழுதியவர் காலமான பிறகு 60 வருடம். கண்ணதாசன் மறைந்தது 1981. ஆக, 2041 முடிகிறவரை இசைத்தட்டு மட்டும் விடுதலையாகி என்ன பிரயோஜனம்?

பாரதி பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ.வி.மெய்யப்பன் விட்டுக்கொடுக்க, 1949இல் அரசாங்கம் உரிமையை வாங்கிப் பிறகு பொதுவாக்கிவிட்டது. ஆனால் சினிமாவில் வந்த பாரதி பாட்டை அப்படியே எடுத்துப் போட்டால் ஒலிப்பதிவுக்காரர் வந்து நிற்பார்.

மே 21, புதன்

இன்றோடு அந்த ஐந்து நாள் கெடு முடிகிறது. மறுக்கவில்லை. வீடியோவையும் தொடவில்லை. காசு அங்கேயே போகட்டும், திருப்பம் முழுசாக இருக்கட்டும். அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை. கேமரா வாடகை அவர் கொடுத்தது.

இன்னொன்று உறுத்துகிறது. அதே வீடியோவில், தெற்கு வீதியில் நாகஸ்வர வித்வான், பாபநாசம் சிவன் கீர்த்தனை ஒன்றை நான்கு நிமிடம் வாசிக்கிறார். சிவன் காலமானது 1973. சட்டப்படி 2033 முடியும்வரை அது காப்புரிமைக்குள்தான். மெஷின் காதில் அது விழவே இல்லை. டீக்கடைப் பாட்டு 42 விநாடியும் விழுந்திருக்கிறது.

மே 24, சனி

வித்வானே போன் செய்தார். வீடியோ அவர் செட் முழுக்கச் சுற்றிவிட்டதாம். "தேர் மல்லாரி நல்லா வந்திருக்கும்மா. சீவாளி புதுசு, கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சுதா?" எனக்குத் தெரியவில்லை என்றதும் சந்தோஷப்பட்டார்.

பிறகு மெதுவாக, "இதுல விளம்பரம் வருதே, காசு உங்களுக்கா?" என்றார். கிளைம் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார். "மூணு மணி நேரம் ஊதுனது நானு. காசு டீக்கடை ஸ்பீக்கருக்கா?"

சித்தப்பாவிடம் மறுபடி கேட்டேன். பிரிவு 38: வாசிப்பவருக்கும் தன் வாசிப்பின்மேல் உரிமை உண்டு, 50 வருடம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தாலும் அது வணிகத்துக்குப் போனால் ராயல்டி கேட்கலாம். பெயரைச் சொல்லச் சொல்லியும் கேட்கலாம். ஆக, என் வீடியோவில் சட்டப்படி கிளைம் போட முழுத் தகுதியுள்ளவர் வித்வான். அவர் வாசிப்பு எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லாததால் மெஷினுக்கு அவர் யாரோ. அதற்கு ஃபைல் கொடுத்தவன்தான் சொந்தக்காரன்.

மே 29, வியாழன்

வித்வான் மல்லாரியையும் கண்டென்ட் ஐடியில் சேர்த்துவிடலாமே என்றார் அண்ணன். விநியோகம் செய்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். விதிகளைப் படித்தேன். தரும் ஒலி தனக்கு மட்டுமே உரியதாக இருக்கவேண்டும், மற்றவற்றிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்கவேண்டும். மல்லாரி எந்த ஊரில் வாசித்தாலும் பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகம்தான். பக்கத்து ஊர் செட் வாசித்ததைப் போய் இவருடையது என்று மெஷின் பிடித்தால்?

வித்வானிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப என் தம்பி திருவாரூர்ல வாசிச்சா அவனுக்கு நோட்டீஸ் போவுமா? வேணாம்மா. பேரைப் போடுங்க, போன் நம்பர் போடுங்க. கச்சேரி வரட்டும்."

இன்று வீடியோவின் கீழே அவர் பெயர், ஊர், அவர் சொன்ன எண் மூன்றையும் சேர்த்தேன். இனி எடுக்கும் வீடியோக்களுக்கு அரைப்பக்கத்தில் ஓர் ஒப்பந்தமும் எழுதி அனுப்பினேன்: வாசிப்பைச் சேர்க்கச் சம்மதம், என் கைக்கு வருவதில் கால் பங்கு அவருக்கு.

ஜூன் 3, செவ்வாய்

ஒப்பந்தம் திரும்பி வந்துவிட்டது, பேனாவால் திருத்தி. தன் பெயருக்குக் கீழே இணை நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று நான்கு பேரை எழுதியிருக்கிறார். "தவில் இல்லாம மல்லாரி ஏதும்மா? அவங்களும் வாசிச்சவங்கதானே" என்றார் போனில். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. கால் பங்கை ஐந்தாகப் பிரிப்பதா, பங்கையே உயர்த்துவதா என்று அண்ணனோடு இன்னும் பேச்சு முடியவில்லை. வைகாசி, ஆனி முழுக்க முகூர்த்தம், ஒருவரையும் பிடிக்க முடியாது. ஆடி பிறந்ததும் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.