எரிமலைத் தீவுக்கு மேலே ஒரு மணி நேரம்

இந்து சமுத்திரத்தின் படத்தை எடுத்து மேசை மீது விரித்துப் பாருங்கள். ஆபிரிக்கக் கண்டத்தின் கீழ்ப்பால் மடகஸ்கார் என்னும் பெருந்தீவு கிடக்கும். அதற்கும் கிழக்கே கண்ணைக் கூர்மையாக்கி நோக்கினால் இரு புள்ளிகள் தென்படும். ஒன்று மொரீசியஸ், மற்றையது றீயூனியன். விசுவமடுவில் நாம் புவியியல் கற்பிக்கும் வகுப்பறையில் தொங்கும் படத்திலே இந்த இரண்டாவது புள்ளிக்குப் பெயர்கூட அச்சிடப்படவில்லை. அதன் பரப்பு 2,512 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ எமது முல்லைத்தீவு மாவட்டத்தின் அளவே. ஆயினும் அச்சிறு நிலத்தினுள்ளே எமது பீதுருதாலகாலையையும் விஞ்சி 3,000 மீற்றருக்கு மேல் எழுந்த சிகரம் ஒன்றும், உலகில் அடிக்கடி கனலும் எரிமலைகளுள் ஒன்றும் அடங்கியிருக்கின்றன. அதற்கும் மேலாக, எம் இனத்தாரின் வரலாற்றில் நாம் அதிகம் திருப்பிப் பாராத ஓர் ஏடும் அங்கே கிடக்கின்றது.

மொரீசியசுக்குச் சென்றிருந்த சமயம், அங்கிருந்து முக்கால் மணி நேரத்திற்குள் பறந்து றீயூனியனை அடையும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அத்தீவு 1946ஆம் ஆண்டு முதல் பிரான்சு தேசத்தின் ஒரு மாவட்டமாகவே ஆளப்பட்டு வருகின்றது. நாணயம் யூரோ, தபாற்பெட்டி மஞ்சள் நிறம், காலை உணவோ பாரிஸ் நகரத்து நீண்ட பாண். இறங்கிய விமான நிலையத்தின் பெயர் றொலான் கரோஸ். டெனிஸ் ஆட்டத்தில் விருப்பமுள்ள மாணவர்கள் இப்பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் விமானி. 1888ஆம் ஆண்டு இத்தீவின் தலைநகரான சென் டெனியில் பிறந்தவர். 1913ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலை இடையில் எங்கும் இறங்காமல் முதன்முதலாகப் பறந்து கடந்தவர். இப்பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் மீண்டும் அவரிடம் வருவோம்.

அத்தீவை முழுமையாகக் காண வேண்டுமாயின் வானிலிருந்தே காண வேண்டும் என்றார் எமக்கு விருந்தளித்த நண்பர். அவரும் ஓர் ஆசிரியர். ஐந்து தலைமுறைக்கு முன் காரைக்காற் பக்கமிருந்து வந்த குடும்பத்தினர். அங்கே சிறு ஹெலிகொப்டர்களை வாடகைக்கு அமர்த்தி, உல்லாசப் பிரயாணிகள் தீவைச் சுற்றி வருவது வழக்கம். கட்டணமோ எமது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக் கூடியது. பாதியை நண்பர் வற்புறுத்தி ஏற்றுக்கொண்டமையால் துணிந்தோம்.

விடியற்காலையிலேயே வரச் சொன்னார்கள். காரணம் உண்டு. கதிரவன் ஏறஏறக் கடற்காற்றின் ஈரம் மலைச்சரிவுகளில் மேலெழுந்து முகிலாகத் திரளும். முற்பகலிலேயே சிகரங்கள் போர்வைக்குள் மறைந்துவிடும். ஏறுமுன் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்தார்கள். பாரத்தைச் சமன் செய்தே இருக்கைகளை ஒதுக்குவார்களாம். வாழ்நாளெல்லாம் மாணவர்களை எடைபோட்ட ஆசிரியருக்கு இது ஒரு புது அனுபவமே! இடுப்பில் மிதவைச் சட்டைப் பொதி, காதில் கேட்பொறி. விசிறிகள் சுழன்றன, நிலம் மெல்ல நழுவியது.

முதலில் மேற்குக் கரையின் வறண்ட புல்வெளி. பின் கரும்புத் தோட்டங்கள். அதற்கும் மேலே காடு. மாயிதோ என்னும் மலைவிளிம்பை நோக்கி, மரங்களின் தலையைத் தொடுவது போல ஏறினோம். சுமார் 2,200 மீற்றர் உயரமுள்ள அவ்விளிம்பைக் கடந்த மறுகணத்தில் காலடியில் நிலமே இல்லை! செங்குத்தான பாறைச் சுவர் பாதாளத்தை நோக்கி இறங்கியது. எமது வயிறு ஒரு கணம் தொண்டைக்கு வந்து திரும்பியது. அதுவே மாஃபாத் என்னும் மலைக்கிண்ணம்.

இத்தகைய கிண்ணங்கள் மூன்று அத்தீவில் உண்டு: மாஃபாத், சிலாவோஸ், சலாசி. நடுவே எழுந்து நிற்கும் பனிச்சிகரம் ஒரு காலத்தில் எரிமலையாயிருந்து ஓய்ந்தது. இடிந்தும் சரிந்தும் மழையால் அரிப்புண்டும் அதன் பக்கங்களே இக்கிண்ணங்களாயின. இம்மலைகளையும் பாறைச் சுவர்களையும் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மாஃபாத்திற்கு இன்றும் தெருக் கிடையாது. கூர்மையான முகடுகளுக்கிடையே சிறு மேடைகள். அவற்றின் மீது தீப்பெட்டிகள் போல வீடுகள். கூரைகளில் சூரியக்கலங்கள் மின்னின. தோட்ட அடிமைகள் தப்பியோடி முதலில் ஒளிந்த இடம் இதுவே. மாஃபாத் என்பதே அவ்வாறு ஓடிவந்த ஒருவரின் பெயர் என்பர். அங்கே போக வேண்டுமானால் நடக்க வேண்டும். அன்றேல் ஹெலிகொப்டரில் இறங்க வேண்டும். அரிசி, எரிவாயு, கட்டடச் சாமான் யாவும் வானத்திலிருந்தே வருகின்றன. நோயாளியைத் தூக்கிச் செல்வதும் வானூர்தியே. எமது ஊர்தியின் ஓசை கேட்டு ஒரு முற்றத்தில் நின்ற சிறுவர் இருவர் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தனர்.

அக்கையசைப்பைக் கண்டபோது எமது உள்ளம் வேறெங்கோ சென்றது. வன்னியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வானில் இரைச்சல் கேட்டால் கையசைத்தவர்களல்லர். பதுங்கு குழியை நோக்கி ஓடியவர்கள். 2009ஆம் ஆண்டு தை மாதத்தில் விசுவமடுவின் வீதிகள் வழியே சனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபோது, வானம் என்பது அஞ்ச வேண்டிய ஒன்றாகவே இருந்தது. ஊர்தியின் வகையை ஓசையிலிருந்தே பிரித்தறியும் கல்வியை அப்பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்கவில்லை; தாமாகவே கற்றுக்கொண்டார்கள். அவர்களுட் சிலர் இன்று பெற்றோர்; சிலர் எம்மோடு கற்பிக்கும் ஆசிரியர்.

இங்கேதான் றொலான் கரோசை மீண்டும் நினைக்கின்றோம். கடலைப் பறந்து கடந்து உலகை வியக்க வைத்த அதே மனிதர், இரண்டே ஆண்டுகளில், 1915இல், சுழலும் விசிறியின் ஊடாகச் சுடத்தக்க இயந்திரத் துப்பாக்கியைத் தம் விமானத்திற் பொருத்தி எதிரி விமானங்களை வீழ்த்தினார். 1918இல் தாமும் வான்போரில் மாண்டார். பறவையைப் போலாக வேண்டும் என்ற மனிதனின் பழைய கனவு, நனவானவுடனேயே பருந்தாகி விட்டது. குற்றம் சிறகினுடையதன்று. மாஃபாத்துச் சிறுவனுக்கு அரிசி கொண்டு வருவதும் அதே சிறகுதானே!

சிலாவோசின் மேல் திரும்பினோம். நானூறு வளைவுகள் உள்ளதென்று சொல்லப்படும் மலைப்பாதை கீழே நூலாக நெளிந்தது. அடுத்துத் தென்கிழக்கே காட்சி முற்றாக மாறியது. பசுமை ஒழிந்தது, செம்மணலும் கருங்கல்லும் பரந்த வெட்டவெளி. வழியிலே கொமர்சன் என்னும் பழைய எரிமலைவாயைச் சுட்டிக்காட்டினார் விமானி. 2007ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கமேட் என்னும் சூறாவளி வீசியபோது, மூன்றே நாளில் அங்கே 3,929 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. எமது வன்னிக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பது 1,300 முதல் 1,500 மில்லிமீற்றர் வரையே. இரண்டரை ஆண்டு மழை மூன்று நாளில்! அவ்வளவும் செங்குத்தான பள்ளங்கள் வழியே கடலுக்கு விரைந்துவிடும். ஆதலால் தீவின் கிழக்கு நனைய, மேற்கு தாகித்திருந்தது. மலையைக் குடைந்து நெடிய சுரங்கங்கள் அமைத்துக் கிழக்கின் நீரை மேற்கு வயல்களுக்குக் கொண்டு சென்றிருக்கின்றார்கள். இரணைமடுவின் வான்கதவு எப்போது திறக்கும் என்று பார்த்திருக்கும் கமக்காரருக்கு இந்த முயற்சியின் அருமை விளங்கும்.

அப்பால் உலைச்சிகரம். உயரம் 2,632 மீற்றர். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நூற்றைம்பது தடவைக்கு மேல் கனன்றிருக்கின்றது. நாம் சென்ற நாளில் அது துயின்றது; விளிம்பிலிருந்து ஆவி மட்டும் இழையிழையாகக் கசிந்தது. உச்சியிலுள்ள தொலொமியே என்னும் வாயின் தளம் 2007ஆம் ஆண்டு சித்திரையில் 300 மீற்றருக்கு மேல் இடிந்து உள்ளே விழுந்தது. அதே வேளை மலையடியில் பீறிட்ட குழம்பு பெருந்தெருவை மூடிக் கடலிற் பாய்ந்து புதிய நிலத்தையும் ஆக்கியது. அச்சரிவு முழுவதும் கருநிற ஆறுகள் உறைந்து கிடக்கின்றன. பழையவற்றின் மேல் பாசி படர்ந்துள்ளது. புதியவை நிலக்கரி போல் மின்னுகின்றன.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூமியின் ஆழத்தில் ஓரிடத்தில் வெப்பம் ஓயாது மேலெழுகின்றது. அதன் மீது நிலத்தட்டு மெல்ல நகர்ந்து செல்கின்றது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அவ்விடத்தின் மேலாகச் சென்ற காலத்தில் பொங்கிய குழம்பே தக்கணத்தின் கருங்கற் பீடபூமி என்பது புவியியலாளர் பெரும்பாலோரின் கருத்து. மாலைதீவின் அடித்தளமும் மொரீசியசும் அதே அடுப்பில் வெந்தவை. றீயூனியன் கடைசிப் பிள்ளை. இலங்கைக்கோ எரிமலை கிடையாது. எமது காலடிப் பாறைகளுக்கு அறிஞர் 'வன்னித் தொகுதி' என்றே பெயரிட்டுள்ளனர். அவை எழுபது கோடி முதல் நூறு கோடி ஆண்டு வரை வயதுடையவை. நாம் பூமியின் முதியவரிடம் வாழ்கின்றோம்; அவர்கள் குழந்தையிடம் வாழ்கின்றார்கள்.

கரையோரமாக வடக்கே திரும்புகையில் சென் றோஸ் பகுதியில் ஒரு சிறு தேவாலயம் தெரிந்தது. 1977ஆம் ஆண்டு சித்திரையில் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. சனங்கள் முன்னரே அகற்றப்பட்டதால் உயிர்கள் தப்பின. அக்குழம்பு ஆலயத்தின் வாசலைத் தொட்டு, இருமருங்கும் சூழ்ந்து நின்றுவிட்டது. பக்தர் அதனை அற்புதம் என்பர். விஞ்ஞானி சரிவையும் குளிர்ச்சியையும் சொல்வார். எவ்வாறாயினும், பின்னர் சனங்கள் திரும்பி வந்து உறைந்த குழம்பின் அருகிலேயே மீண்டும் குடியேறினார்கள். அந்தத் துணிவை விளக்க எமது ஊரவருக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சற்று அப்பால் சென் ஆந்திரே. கரும்புக் கடலின் நடுவே வண்ணக் கோபுரம் ஒன்று! "எங்கள் கோயில்" என்றார் நண்பர் பிரெஞ்சு மொழியில். அவருக்குத் தமிழ் தெரியாது.

1848ஆம் ஆண்டு மார்கழியில் அங்கே அடிமை முறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால், சென்னை மாகாணம் ஆகிய இடங்களிலிருந்து பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1860இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த உடன்படிக்கை அதற்கு வழிவிட்டது. தொழிலாளர் பட்ட துன்பங்களைக் கண்டு 1882இல் ஆங்கில அரசு அதனை நிறுத்தியது. அவர்களை அங்கே 'மலபார்' என்று அழைத்தனர். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டப்பட்டது. பாட்டனின் பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆதலால் இன்று ழான் ராமசாமிகளும் மரி முத்துசாமிகளும் அங்கே வாழ்கின்றார்கள். மொழி உதிர்ந்தது, காவடி உதிரவில்லை, தீமிதி உதிரவில்லை. பாஞ்சாலி 'பாண்டியாலே' ஆகியும் நெருப்பின் முன் நிற்கின்றாள். கறி 'காறி' ஆயிற்று. மசாலை 'மசலே' ஆயிற்று.

அதே நூற்றாண்டில், அதே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் மக்கள் புறப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்த பாதை எமது வன்னிக் காட்டின் ஊடாகவே சென்றது. பசியாலும் நோயாலும் அவ்வழியில் வீழ்ந்தோர் அநேகர். அவர்களின் பேரர்களுட் பலர் 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்கே வந்து குடியேறினர். எமது வகுப்பில் அவர்களின் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். விசுவமடுவே 1960களில் படித்த வாலிபர் காடு வெட்டிக் குடியேறி, பின்னர் மிளகாயும் வெங்காயமும் விளைவித்துப் பேரெடுத்த பூமியன்றோ? ஒரே ஊரின் ஒரு சகோதரன் கப்பலேறி எரிமலைக்குச் சென்றான். மற்றவன் நடந்து காட்டுக்கு வந்தான். இருவரும் கல்லைப் பெயர்த்து நிலமாக்கினார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் முகவரி தெரியாது போயிற்று.

இறுதியாகச் சலாசியின் பள்ளத்தாக்கில், பச்சைச் சுவர்களில் நூற்றுக்கணக்கான அருவிகள் வெள்ளி நூலாகத் தொங்குவதைக் கண்டு திரும்பினோம். நாம் இறங்கும்போதே சிகரங்களை முகில் மூடத் தொடங்கியிருந்தது.

மாணவர்களே! உங்களில் எத்தனை பேர் பெருஞ்செலவில் இத்தகைய பயணம் செய்வீர்களோ அறியோம். ஆனால் பார்வையை உயர்த்திக்கொள்ளக் கட்டணம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முதியவரிடம், 'நம் குடும்பம் எங்கிருந்து, எவ்வழியாக, எதற்காக இங்கு வந்தது?' என்று கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். றீயூனியனில் மூன்றாம் தலைமுறை கேட்க மறந்ததை ஐந்தாம் தலைமுறை இன்று கோயிற் சங்கங்களின் தமிழ் வகுப்புகளில் அரிச்சுவடியிலிருந்து தேடுகின்றது. எரிமலைக் குழம்பின் மேல்கூடப் பாசி முளைக்கும், காடு மீளும். மறந்துபோன பெயர்கள் அவ்வாறு தாமாக முளைப்பதில்லை. அவற்றை ஒருவர் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுத வேண்டும்.